இடி இடித்தால் எழுந்து போகும் உரிமை

1. பஸ்ஸில் ஜெனீவா

சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் எல்.எல்.எம். சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. விருதுநகரில் தொழிலாளர் கேஸ் நடத்தும் வக்கீல் நான். சனி, ஞாயிறு மதுரையில் வகுப்பு. திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தை மடியில் விரித்தபடியே கண்ணயர்ந்துவிடுவேன். கனவில் ஜெனீவா ஏரி வரும். கரை நெடுக நம்மூர்க் கருவேல மரங்கள் நிற்கும். ஏரியை நேரில் பார்த்தவளா என்ன? ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர்தான் அது. அந்தக் கனவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விழித்தால் மடியில், ஜெனீவாவில் நாடுகள் கூடி எழுதிய ஒரு ஷரத்து இருக்கும்: உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நினைத்தால் தொழிலாளி வேலையை விட்டு எழுந்து போகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

2. பேச்சியம்மாள் கேஸ்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர் பேச்சியம்மாள். மின்னல் பட்டால் மருந்து பற்றிக்கொள்ளும்; அதனால் இடி இடித்தால் வேலை நடக்கும் செட்டை விட்டு வெளியே வந்துவிடுவது பட்டாசு வேலையில் வழக்கம். ஒரு நாள் இடி இடித்தது. தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றிருக்கிறார் ஃபோர்மேன். பேச்சியம்மாள் எழுந்தார், பக்கத்துச் செட்டுகளுக்கும் குரல் கொடுத்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. வேறு கம்பெனியிலும் சேர்க்கவில்லை. கேஸ் என்னிடம் வந்தது.

சூலக்கரையில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரசப் பேச்சு. ஜெனீவாவிலேயே நிற்கிற மிதப்பில் ஷரத்தை விளக்கினேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"இந்தம்மா எந்திரிச்சுப் போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, வக்கீலம்மா. அம்புட்டுப் பேரையும் எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? இனிமே தான் மட்டும் போவேன்னு சொல்லட்டும். நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

என் ஷரத்தும் தனியாளைப் பற்றித்தான் பேசியது. அதற்கு மேல் என்னிடம் சரக்கில்லை. "சரின்னு சொல்லிருங்க" என்று பேச்சியம்மாள் காதில் சொன்னேன்.

அவர் முதலாளியைப் பார்த்தார். "பக்கத்துச் செட்டு ஆளுகள உள்ள வச்சுட்டு, நான் மட்டும் வெளிய நின்னு என்னத்தப் பாக்க, மொதலாளி? கூப்பிடத்தான் செய்வேன்."

கேஸ் போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது மேற்கே இடி உருண்டது. ஐப்பசியில் சாயங்காலமானால் வருவதுதான். முதலாளி உடனே செல்லை எடுத்தார்.

"ஏலே, அங்கன இடிக்குதா? எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. ஒருத்தர் உள்ள இருக்கக் கூடாது."

செல்லை வைத்துவிட்டுப் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். மழை வாசம் அறைக்குள் வந்தது.

"நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா" என்றார் முதலாளி.

என்னிடம் ஜூனியராகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை புத்தகத்தில் இருக்கிறது. அடுத்தவளைக் கூப்பிட்டதற்காக ஒருத்தி வேலையை இழந்தால், அவளுக்காக நாம் வாதாட வேண்டும்.