என் டோக்கனில் அக்கா பிடித்த எண்டு

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணும், வருஷங்கள் முன்னே பின்னே போய்விடும், வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்டு என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு முடிவு என்று அர்த்தம் என்பதே, என் மகன் பள்ளிக்கூடப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எங்கள் நூல் மில்லில் எண்டு என்றால் நூல்தான். மிஷினில் ஓடுகிற ஒவ்வொரு இழையும் ஒரு எண்டு. அறுந்தால் எண்டு போயிருச்சு என்போம். அதை ஒட்டினால் எண்டு புடிக்கிறது. ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே அறுந்ததை ஒட்ட வேண்டும், அதுதான் வேலை. புதிதாக வருகிறவளிடம் மேஸ்திரி முதலில் கேட்பதும் "எண்டு புடிப்பீங்களா அம்மணி?" என்றுதான். அந்தச் சொல்லில் முடிவு என்ற நினைப்பே எங்களுக்கு இருந்ததில்லை.

என்னோடு மில்லில் வேலை செய்த ஒருத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கை அறுந்த நூலுக்குப் போவது கண்ணுக்கே தெரியாது. நான் ஒன்றை ஒட்டுவதற்குள் அவள் மூன்றை ஒட்டிவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்குச் சடை பின்னற மாதிரி பின்னாத அம்மணி" என்று சிரிப்பாள். ஆனால் அவள் பதிலி ஆள். யாராவது வராத நாளில்தான் பதிலிக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் கேட்டிலிருந்தே திரும்பிப் போக வேண்டும். அப்படிப் பல வருஷம் காலையில் பஸ் ஏறி வந்து, சோற்றுப் போசியைத் திறக்காமலே மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பியிருக்கிறாள்.

என் மகன் வயிற்றில் இருந்தபோது எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அத்தனை மாதம் போகாமல் இருந்தால் என் டோக்கன், அதாவது என் பேரில் இருந்த நிரந்தர வேலை நம்பர், போய்விடும். அழுதுகொண்டு மேஸ்திரியிடம் நின்றேன். அவர்தான் வழி சொன்னார். அக்கா என் டோக்கனில், என் பேரிலேயே வேலை செய்யட்டும், கூலி அவளுக்கு, வேலை நிலைப்பது எனக்கு. எங்கள் மில்லில் அது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைத்ததில்லை. அக்காவுக்குச் சந்தோஷம். "நீ போய்ப் படு கண்ணு. உன்ற எண்டையும் நானே புடிச்சுக்கறேன். எனக்குந்தான் தெனமும் வேலை ஆச்சு." நான் குழந்தையைப் பெற்றுத் தேறி வரும்வரை, ஒன்பது மாதம் இருக்கும், அவள்தான் நானாக நடந்தாள்.

பிறகு அவளையும் நிரந்தரமாக்கினார்கள். அப்புறம் ஒரு நாள் மில்லை மூடினார்கள்.

ரொம்ப வருஷம் கழித்து, பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்க இருவரும் கோயமுத்தூரில் ஆபீசுக்குப் போனோம். எனக்கு உடனே ஆகிவிட்டது. அவள் காகிதத்தைப் பார்த்த ஆபீஸ் தம்பி, "ஏனுங்க, பத்து வருஷம் நிறையணுமுங்க. உங்களுக்கு எட்டு மாசம் கொறையுதுங்களே" என்றார். பதிலியாக நின்றதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அவளுடைய மாதங்கள் என்னிடம் இருக்கின்றன என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னுடையதையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள். "உன்ற மகன்கிட்டச் சொல்லு அம்மணி, அவன் உன்ற வயித்துல இருந்தப்ப எனக்குத்தான் காலு வீங்குச்சுன்னு." நான் சிரித்தேன்.

எழுபது தாண்டியும் அவள் பாக்கு மண்டியில் பாக்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். ஆபீசில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று மகனிடம் சொன்னேன். "கம்முனு இருங்கம்மா, ரெண்டு பேர்த்துக்கும் இல்லாமப் போயிரும்" என்றான். அதைக் கேட்காமல், போன வருஷம் தனியாகவே ஆபீசுக்குப் போனேன். வேறொரு தம்பி இருந்தார். மில்லே இல்லை, மேஸ்திரியும் இல்லை, வாய்ச்சொல்லை வைத்து என்னங்க செய்வது என்றார். அவர் கோபப்படக்கூட இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மில் ஆபீசில் வேலை செய்தவர்கள் யாராவது இதை வாசித்தால், பழைய சம்பளப் புத்தகம் எங்கே போயிற்று என்று பார்த்துச் சொல்லுங்கள். டோக்கன் நாற்பத்தொன்று. நான் ஒன்பது மாதம் என்கிறேன், மறந்திருப்பேன், எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தாலே போதும். கண்டுபிடிப்பது சிரமமில்லை. எனக்குக் கையெழுத்துப் போட வரும், அக்காவுக்கு வராது. அந்த மாதங்களில் என் பேருக்கு நேராக இருப்பது அவள் கட்டைவிரல் ரேகை.