போனுக்குள் போகாத பாட்டு

சுவிஸில், ஓர்லிகோனில் நான் ஒலிக்குப் பொறுப்பாக இருக்கும் சிறிய அரங்குக்குக் கடந்த குளிர்காலத்தில் மொங்கோலியத் தொண்டைப் பாடகர்கள் இருவர் வந்தார்கள். ஒரே தொண்டையில் இரண்டு ஒலிகளை எழுப்புவார்கள். அடியில் அசையாமல் நிற்கும் கரகரத்த முழக்கம், அதற்கு மேலே விசில் போல மெல்லிய ராகம். ஒலிவாங்கி, வயர், சத்தத்தின் அளவு என்று ஒத்திகைக்கு எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அன்று ஒலிவாங்கியைக்கூட வைக்கவில்லை, இளையவர் பாடத் தொடங்கிவிட்டார்.

சமையலறைப் பொறுப்பாளரான யாழ்ப்பாணத்து அண்ணை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உவர் தொண்டைக்குள்ள மோட்டரோ வைச்சிருக்கிறார்?"

"மெல்லக் கதையுங்கோ அண்ணை."

"அவருக்கென்ன தமிழ் விளங்கப்போகுதோ? ஆனா சும்மா சொல்லக்கூடாது, என்ர நெஞ்சுக்குள்ள அதிருது."

இளையவர் பாடியது ஒத்திகைக்காக அல்ல, கைபேசிக்குள். மூத்தவர் பேர்ணில் வசிப்பவர், ஜெர்மன் தெரிந்தவர். அவர்தான் விளக்கினார். இளையவரின் தாய் ஊரில், உலான்பாத்தரில் ஆஸ்பத்திரியில், கடைசி மணித்தியாலங்களில் இருக்கிறார். மறுநாள் விமானம் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. தங்கை கைபேசியைத் தாயின் காதில் வைத்திருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும், "தொடங்குகிறாய், பிறகு ஒன்றுமே இல்லை" என்கிறாள்.

இளையவர் கழுத்தைத் தடவினார். சுடுதண்ணீர் குடித்தார். மறுபடி பாடினார். குரல் போய்விட்டதென்றே நம்பத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கோ தரைப்பலகை அதிர்வது காலில் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, மாறாமல் நீளும் எந்த ஒலியையும் அழைப்புச் செயலி இரைச்சல் என்று அழித்துவிடும். மின்விசிறி, இயந்திரம், எல்லாம் அதற்கு ஒன்றுதான். அண்ணை பகிடியாகச் சொன்னதைச் செயலி உண்மையாகவே நினைத்துவிட்டது. மூத்தவருக்கும் அண்ணைக்கும் அதைச் சொன்னேன்.

"ரெக்கோட் பண்ணி அனுப்பச் சொல்லு பிள்ளை," என்றார் அண்ணை.

மூத்தவரிடம் சொன்னேன். அவர் கேட்டுப் பார்த்தார். இளையவர் தலையசைத்து மறுத்தார். பாடும்போது தாயின் மூச்சு தனக்குக் கேட்க வேண்டுமாம்.

ஒலிவாங்கியை என் கணினியில் இணைத்தேன். இரைச்சல் நீக்கத்தை நிறுத்தக்கூடிய வேறொரு செயலியைத் திறந்து தங்கைக்கு இணைப்பை அனுப்பினேன். அவள் அதைத் தரவிறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இணையம் மெதுவாக இருந்தது. எனக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. துடைத்த ஒலிவாங்கியையே திரும்பத் துடைத்தேன். இளையவர் தொண்டையைக் காக்கச் சுடுதண்ணீரை மிடறு மிடறாகக் குடித்தார்.

படம் வந்தபோது தங்கையின் முகம் மட்டும் தெரிந்தது. ஏதோ இரண்டு சொல் சொன்னாள். மூத்தவர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவுமில்லை. பிறகு அவள் கைபேசியைத் தலையணையில், தாயின் காதருகே வைத்தாள்.

இளையவர் பாடினார். நீண்ட நேரம். முழக்கமும் அதன் மேல் விசிலும் குறையாமல் போயின. முடிந்ததும் தங்கை ஒரு சொல் சொன்னாள். அதை மூத்தவர் எனக்குச் சொன்னார்: "கேட்டது."

நான் ஓரமாகப் போய் நின்றேன். அண்ணை கைத்துணியோடு பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, சங்குச் சத்தத்தையும் உந்தப் போன் அழிக்குமோ?"

"ஏன் அண்ணை?"

"அம்மாவின்ர செத்தவீட்டை நான் இஞ்ச இருந்து போனிலதான் பாத்தனான். சங்கை வாயில வைச்சது தெரிஞ்சது, சத்தம் வரேல்லை. ஒழுங்கா ஊத ஒரு ஆளைப் பிடிக்க ஏலாமப் போச்சோடா எண்டு தம்பியை ஏசிப்போட்டன். அதோட கதை பேச்சில்லை."

"அழிக்கும் அண்ணை. நீண்டு நிக்கிற சத்தம்தானே."

"அப்ப அவங்கள் ஊதித்தான் இருக்கிறாங்கள்," என்றார்.

மேடையில் இளையவர் திரையை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கமும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் தொடவில்லை.