ஐயா நின்ற இடம்

"சோழகம்" எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊரில் சோற்றிலும் மணல் கடிபடும். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியின் கிழக்கு ஓரத்துக் கிராமம் அது. போரில் இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்தபோது வீதியோரத்தில் நிழலுக்கென்று ஒரு மரமும் மிஞ்சியிருக்கவில்லை. அதனால் "வாசிகசாலை" எனும் ஊர்ப் படிப்பகத்து ஆட்கள் கூடி வேப்பங்கன்றுகளை வரிசையாக நட்டு, அந்தக் கோடை முழுவதும் பின்னேரங்களில் குடமும் வாளியுமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர். தண்ணீரை விட ஆடுகள்தான் பெரிய பாடு. வவுனியாவில் மேசன் வேலை செய்துவிட்டு அந்தக் கிழமைதான் வீடு வந்திருந்த, நான் ஐயா என்று கூப்பிடும் அப்பா, கன்றைச் சுற்றித் தடி நட்டு, "காவோலை" எனப்படும் காய்ந்த பனையோலையால் மறைத்துக் கட்டும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அப்படிக் கட்டிய ஓலைக்கு மேலே தடிகளின் நுனி தெரிந்தது. சிவப்பு மை பூசியிருந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள், இன்னும் துப்புரவாக்காத நிலத்தின் எல்லையில் அடித்து வைக்கும் தடி அது என்று வகுப்பில் படம் காட்டிப் படிப்பித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐயாவுக்கு அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை; அவற்றைப் பிடுங்கி வந்து நட்டிருந்தார்.

ஐயா எங்கே என்று கேட்டுக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். "கொப்பர் இன்னும் தடி எடுக்கப் போயிட்டார்" என்றார், இடுப்புக் குடத்தை இறக்காமலே. நான் விஷயத்தைச் சொன்னதும் குடம் தானாக வழுகி இறங்கியது.

வீதிக்கு அப்பால் பற்றைக் காட்டுக்குள், தோளில் தடிக்கட்டோடு ஐயா நின்றார். நான் கத்த வாயெடுக்க, அம்மா என் வாயைப் பொத்தினார். கத்தினால் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிடுவார். சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில்தான் அம்மா சொன்னார்.

"இஞ்சருங்கோ, காலை எடுக்காமல் அப்பிடியே நில்லுங்கோ."

"ஏன், பாம்போ?" என்று ஐயா சிரித்தார்.

"இல்லை. வெடி."

சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிற்று. "அவங்கள் வேலை முடிச்சு விட்டிட்டுப் போன தடியெண்டெல்லே நினைச்சன்" என்றார் மெதுவாக.

வந்த காலடியிலேயே திரும்பவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் காற்று அவருடைய காலடிகளை மணலால் மூடிவிட்டிருந்தது. அப்படியானால் அசையக்கூடாது, அதையும் நான்தான் சொன்னேன். வாசிகசாலைத் தலைவர், கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் முகாமுக்குச் சைக்கிளில் பறந்தார். மற்றவர்கள் நிறைகுடங்களோடு தார் விளிம்பில் நின்றார்கள். ஐயா நாக்கால் உதட்டை நனைப்பது தெரிந்தது. அத்தனை தண்ணீர் இருந்தும் ஒரு மிடறை அவரிடம் கொண்டுபோக ஒருவராலும் முடியவில்லை.

"என்னைப் பாத்துக்கொண்டு நிண்டு என்ன செய்யப் போறியள்? கண்டுகளுக்கு ஊத்துங்கோ, வாடுது" என்றார்.

ஊற்றினார்கள். வேறு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா ஐயாவிடமிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே கன்றுக்கே குடம் குடமாக ஊற்ற, பாத்தி நிறைந்து வழிந்து தாரில் ஓடியது. நான் அந்த ஈரத்தில் நின்று ஐயாவின் முழங்கால்களையே பார்த்தேன்.

வந்தவர்கள் கருவியோடு முழந்தாளிட்டுச் சாண் சாணாக வழி எடுத்தார்கள். ஓரிடத்தில் நிறுத்தி, மண்ணை விரலால் விலக்கிப் பார்த்து, ஒரு தடியை நட்டுவிட்டுச் சுற்றிப் போனார்கள். ஐயா நின்ற இடத்திலிருந்து அது ஒரு எட்டுத் தூரம்கூட இல்லை.

"ஆட்டுக்குக் காவல் கட்ட வெளிக்கிட்டு, உங்களுக்கெல்லோ காவல் நிக்கவேண்டி வந்திட்டுது, அண்ணை" என்றான் அவர்களில் ஒருவன். ஐயா அவர்கள் எடுத்த வழியால் தாருக்கு வந்து, குடத்தோடு வாய்வைத்துக் குடித்தார்.

இன்று அந்தப் பற்றை துப்புரவாகி வீடுகள் எழும்பிவிட்டன. சிவப்புத் தடிகள் இல்லை. குடம் சுமந்தவர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். வீதிக்குக் "காப்பெற்" எனும் வழுவழுத்த புதுத் தார் போட்டாயிற்று. அம்மா அன்றைக்குத் தண்ணீரில் மூழ்கடித்த வேம்பின் கீழேதான் இப்போது ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நான் மட்டும் தாரில், வெயிலில் நிற்பேன். "உந்த வெயிலுக்கை ஏன்ரா நிக்கிறாய், இஞ்சாலை வா" என்று, வழியனுப்ப வந்த ஐயா நிழலிலிருந்து கூப்பிடுவார். போவேன். மணலில் அவருடைய செருப்புத் தடம் எங்கே பதிந்திருக்கிறதென்று பார்த்து, அதற்குள்ளேயே காலை வைத்துப் போவேன்.