மேல்வீட்டு அன்ரியின் பாதி

நான் கடவுளைக் கொன்றபோது எனக்கு வயது ஒன்பது. இடம், ஒஸ்லோ நகரத்திலிருந்து ஹொல்ம்லியாவுக்குப் போகும் உள்ளூர் ரயில், ஜன்னலோர இருக்கை. வெள்ளை நைலோன் கையுறை போட்டிருந்ததால் கைரேகை எதையும் விட்டுவைக்கவில்லை. மற்றபடி எல்லாத் தடயமும் இருந்தது.

இதற்கான பொறுப்பில் ஒரு பங்கு எங்கள் மறைக்கல்வி ரீச்சருக்கும் உண்டு. ஊரில் உண்மையாகவே ரீச்சராக இருந்தவர். இங்கே வார நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமைகளில் எங்களுடைய ஆன்மாக்கள். முதலில் நரகத்து நெருப்பைக் காட்டித்தான் எங்களைப் பயமுறுத்திப் பார்த்தார். மைனஸ் பதினைந்தில் நடந்துவந்து, விறைத்த கால்விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அது எடுபடவில்லை. அங்கே எல்லா நாளும் சூடாயிருக்குமா என்று ஒருவன் கொஞ்சம் ஆவலோடேயே கேட்டுவிட்டான். அன்றோடு ரீச்சர் நெருப்பைக் கைவிட்டு இரத்தத்துக்கு மாறினார்.

நற்கருணை அப்பம் பல்லில் படக்கூடாது. கையால் தொட்டு விளையாடக்கூடாது. மன்னார்ப் பக்கத்தில் ஒரு பிள்ளை முதல் நன்மை, அதாவது தன் முதலாவது நற்கருணை, வாங்கிய அன்று, என்ன ருசி என்று கடித்துப் பார்த்ததாம். வாய் நிறைய இரத்தம். வெள்ளைச் சட்டையெல்லாம் இரத்தம். அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்டேன். ரீச்சர் புத்தகத்தை மூடினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் இன்று இன்னும் கொஞ்சம் நல்ல மனுஷியாக இருந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் என் மேல்வாயில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. நாக்கு சும்மா இருந்தாலும் அது தானாகப் போய் இடிக்கும். முதல் நன்மைக்கு மூன்று வாரம் இருக்கையில் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பக்தி என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

மேல்வீட்டு அன்ரியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுடைய புளொக்கில் நாங்கள் இரண்டாம் மாடி, அவர் மூன்றாம் மாடி. சைவம். தனியாக இருந்தார். அவருடைய கணவர் ஊரில் இருக்கிறார் என்று சொல்வார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டுப் படங்களுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலோ அவலோ ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எங்களுக்கு வரும். பிரசாதம். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பெண்களின் சட்டம், ஆகவே அம்மா அதைக் கழுவி ஒரு பிடி சீனி போட்டு என்னிடம் கொடுத்து அனுப்புவார். அவர்கள் கடவுளுக்கு வைத்ததைத் தருகிறார்கள், நாங்கள் கடையில் வாங்கிய சீனியைக் கொடுக்கிறோம். ஒன்பது வயதிலேயே எனக்கு இது வெட்கமாக இருந்தது.

குழப்பத்துக்கு மொழியும் உடந்தை. நாங்கள் போவதும் கோயில், அன்ரி போவதும் கோயில். அங்கேயும் பூசை, இங்கேயும் பூசை. அவர்களுக்குச் சுவாமி படத்தில் இருப்பார், எங்களுக்குச் சுவாமி என்றால் பாதிரியார், மாதத்தில் ஒரு தடவை வேறு நகரத்திலிருந்து ரயிலேறி வருவார், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு மேல், ரீச்சர் அருள் என்று சொன்னதை அம்மா தன் பழைய செபப்புத்தகத்தின்படி இஷ்டப்பிரசாதம் என்பார். நன்மை வாங்கினால் இஷ்டப்பிரசாதம் கிடைக்கும், அதை நமக்குள் வைத்திருக்கக் கூடாது, மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று தலை வாரும்போதெல்லாம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நொர்ஸ்க், வீட்டில் அரைத் தமிழ் என்றிருந்த என் மூளைக்கு அது மிகத் தெளிவாக விளங்கியது. இஷ்டம் என்றால் விருப்பம். பிரசாதம் என்றால் கிண்ணத்தில் வருவது. விருப்பமானவர்களுக்குக் கொடுக்கிற பிரசாதம்.

அந்த வாரம் அம்மா என் முதல் நன்மை விருந்துக்கு ஆட்களை எழுதிக்கொண்டிருந்தார். அன்ரியின் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவ மச்சம் சாப்பிட மாட்டா, பிள்ளை. ஆட்டிறைச்சிக்கை அவவைக் கூப்பிட்டு என்ன செய்யிறது?"

நியாயம்தான். ஆனால் அப்பம் மச்சமில்லையே. நான் தீர்மானித்துவிட்டேன்.

மே மாதத்து ஞாயிறு. வெயில் அடித்தது, சூடு இல்லை. படியிறங்கும்போது அன்ரி மேலிருந்து ஓடிவந்து, என் கையைப் பிடித்துப் பார்த்து, ஐஸ் மாதிரி இருக்கு என்றார். அம்மா முன்னால் போய்விட்டார். அன்ரி ஒரு சின்ன மடிப்புக் காகிதத்தை என் இடது கையுறைக்குள் செருகினார்.

"என்ரை குங்குமம். கையிலை வைச்சிருங்கோ குஞ்சு, பயம் போகும். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்."

சுப்பர்மார்க்கெட் விளம்பரத்தாளில் கிழித்த துண்டு அது. அரைத்த இறைச்சி மலிவு விலை என்ற வரியின் பாதி வெளியே தெரிந்தது. சைவத்துக் குங்குமத்தை இறைச்சி விளம்பரத்தில் மடித்துக் கத்தோலிக்கப் பிள்ளையின் கையுறைக்குள் வைத்தார்கள். பிறகு ஏதாவது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பூசையில் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வரிசையில் போனேன், நாக்கை நீட்டினேன், சுவாமி அப்பத்தை வைத்தார். அது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பல் ஆடியது. இருக்கைக்குத் திரும்பி முழங்காலில் இருந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடினேன். பின்னால் யாரோ பிள்ளையின் பக்தியைப் பார் என்றார்கள். அந்த மறைவில் நாக்கால் அப்பத்தை இரண்டாக்கி, பாதியை விழுங்கி, மற்றப் பாதியை விரலால் எடுத்து இடது கையுறைக்குள் தள்ளினேன். பாதி எனக்கு, பாதி அன்ரிக்கு.

ஆமென் சொன்ன கையோடு பயம் வந்தது. அதுவரை இருந்தது பயத்தின் ஒத்திகை. கையால் தொட்டுவிட்டேன். ஒளித்துவிட்டேன். சாவான பாவம் இரண்டு, முதல் நன்மை வாங்கி இரண்டு நிமிடத்துக்குள். வெளியே படம் எடுத்தார்கள். இன்றும் அந்தப் படம் அம்மாவின் சுவரில் இருக்கிறது. இடது கையைப் பொத்திக்கொண்டு, கண்களை அகல விரித்து, பொலிஸ் பிடித்த ஆளைப் போல நிற்கிறேன்.

அப்பா இறைச்சிச் சட்டிகளோடு யாருடையவோ காரில் போய்விட்டார். அம்மாவும் நானும் ரயிலில். எதிர் இருக்கையில் ரீச்சரும், விருந்துக்கு வரும் சுவாமியும். இடது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். உள்ளே ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தேன். பிறகு, வேர்வை இவ்வளவு ஒட்டுமா என்று நினைத்தேன். ஜன்னலில் கடற்கழி வெயிலில் மினுங்கிக்கொண்டு போனது. கையைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடிந்த மட்டும் முயன்றேன். ஒரு நிறுத்தம் வரை முடிந்தது.

உள்ளங்கையின் நடுவில் சிவப்பு. ஒரு ரூபாய்க் குற்றியளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூலிழைகளுக்குள் ஊறிப் பெரிதானது.

எனக்குக் குங்குமத்தின் நினைவே வரவில்லை. வந்தது மன்னார்ப் பிள்ளையின் நினைவு. நான் கடவுளைக் கசக்கிவிட்டேன், அவருக்கு இரத்தம் வருகிறது, கையைப் பொத்தினால் இன்னும் வரும், விரித்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

முதலில் பார்த்தது ரீச்சர். அவருடைய முகத்தில் ஒரு சொட்டு நிறம் இல்லை. அந்தக் கதையை ஆண்டுக்கணக்காகச் சொன்னவர், அது உண்மையாகக் கூடும் என்று ஒரு நாளும் எதிர்பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ரீச்சரே பயப்படுகிறார் என்றால் இனித் தப்ப வழியில்லை என்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் உதடு மட்டும் அசைந்தது. செபம்.

அடுத்துப் பார்த்தவர் டிக்கெட் பார்க்க வந்த நோர்வேக்காரர். குனிந்து, விழுந்துவிட்டாயா என்று நொர்ஸ்க்கில் கேட்டு, பையைத் திறந்து ஒரு பிளாஸ்டரை நீட்டினார். உலக இரட்சகரின் காயத்துக்கு ஒஸ்லோவில் வேறு யாரும் பிளாஸ்டர் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அம்மா பதறிக் கையுறையைக் கழற்றினார். சிவந்த காகிதமும், அதில் ஒட்டிக்கிடந்த சிவந்த பாதி அப்பமும் வெளியே வந்தன. அம்மாவின் கை அப்படியே நின்றது. சுவாமி தன் கையை நீட்டினார். அம்மா கொடுத்தார்.

சுவாமி அதை நன்றாகப் பார்த்தார். மணந்து பார்த்தார். என்னை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை.

"இது ஆருக்கு, பிள்ளை?"

"மேல்வீட்டு அன்ரிக்கு."

"ஏன்?"

"அவ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாறவ. நாங்கள் சீனிதான் குடுக்கிறனாங்கள்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவாமி சிலுவை அடையாளம் போட்டு, காகிதத்திலிருந்து அப்பத்தை மெல்ல உரித்து, குங்குமத்தோடே வாயில் வைத்தார். உரிக்க வராததைக் காகிதத்திலிருந்து நாக்கால் எடுத்தார். மென்றார். பல்லால். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவருடைய உதடு சிவந்தது, முன்பல் சிவந்தது, வாயோரத்தில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. ரீச்சர் சொன்ன எல்லாம் என் கண் முன்னால், ஒரு சுவாமியின் வாயில் நடந்தது.

ஹொல்ம்லியாவில் இறங்கி மேடேறினோம். எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சனம், இறைச்சி வாசம். சுவாமி உள்ளே வரவில்லை. மேல்மாடிக்கு ஏறினார்.

முறைப்பாடு சொல்லப் போகிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. குங்குமம் கொடுத்ததற்காக அன்ரியை ஏசுவார், அன்ரிக்கு இனி நாங்கள் வேண்டாம், வெள்ளிக்கிழமை கிண்ணம் வராது. நான் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டு கேட்டேன். மணி அடித்தது. கதவு திறந்தது.

"என்ன சுவாமி, வாயெல்லாம் சிவந்து கிடக்கு? வெத்திலையோ?"

"இல்லை அம்மா. உங்கடை குங்குமம்."

கதவு இன்னும் அகலத் திறக்கும் சத்தம் கேட்டது. சுவாமி தொடர்ந்து சொன்னார்.

"பிள்ளை தனக்குக் கிடைச்சதிலை பாதி உங்களுக்கெண்டு கொண்டு வந்தது. வழியிலை நான் சாப்பிட்டிட்டன். அதுக்குப் பதிலா நீங்கள் கீழை வந்து எங்களோடை சாப்பிட வேணும்."

"நான் வந்தால் சனம் ஒரு மாதிரிப் பாக்கும், சுவாமி."

"பாக்கட்டும். இந்த வாயோடை என்னையும்தானே பாக்கப்போகுது."

அன்ரி சிரித்தார். சிரிப்பு நடுவில் வேறொன்றாகிப் பிறகு மறுபடி சிரிப்பானது. அது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசரமும் இல்லை, ஏச்சு விழவில்லை என்பதே போதுமாயிருந்தது.

இருவரும் இறங்கி வந்தார்கள். அன்ரி சேலை மாற்றியிருந்தார், பொட்டைப் புதிதாக, பெரிதாக வைத்திருந்தார். கையில் எவர்சில்வர் கிண்ணம். வரவேற்பறையில் எல்லோரும் திரும்பினார்கள். பெண்கள் முதலில் அன்ரியின் நெற்றியைப் பார்த்தார்கள், பிறகு சுவாமியின் வாயைப் பார்த்தார்கள், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தட்டுகளைப் பார்த்தார்கள். ஒருவர் சுவாமிக்கு மெல்லக் கைக்குட்டையை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அன்ரியின் கிண்ணத்திலிருந்த அவலைத்தான் அவர் முதலில் சாப்பிட்டார், ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருக்க. தனக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து அன்ரிக்குக் காட்டினார்.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு இறைச்சிச் சட்டியைத் தள்ளி வைத்து, கை கழுவி, சோறும் பருப்பும் கத்தரிக்காயும் எடுத்துவந்து அன்ரியின் தட்டில் தன் கையால் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ, அக்கா?"

அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அன்ரியின் கணவரை ஊரில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதும், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது என்பதும், அந்த நிலையில் அன்ரி பொட்டு வைக்கலாமா, நல்ல காரியங்களுக்கு அவரைக் கூப்பிடலாமா என்று எங்கள் புளொக்கில் சைவமும் கத்தோலிக்கமும் ஒரே வாயாகப் பேசிக்கொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியவர மேலும் பல வருடம் ஆனது. மச்சம் வெறும் சாட்டு, அவரைக் கூப்பிடாததற்குக் காரணம் இது. என் கையுறைக்குள் வைத்தது அவர் பிடிவாதமாக நெற்றியில் வைத்த அதே குங்குமம். கணவரைப் பற்றிய செய்தி இன்றுவரை வரவில்லை. அன்ரி இப்போது திராமன் நகரத்தில் இருக்கிறார், முழுக்க நரைத்த தலை, பொட்டு அதே அளவு. எங்கள் வீட்டு நல்ல காரியம் எதுவும் அதற்குப் பிறகு அவர் இல்லாமல் நடந்ததில்லை. ரீச்சர் மன்னார்ப் பிள்ளையின் கதையை அதற்குப் பிறகு எங்கேயும் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஞாயிறன்று எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுவந்த பாதி அன்ரிக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கு வெறும் சோறும் பருப்பும்தான் கிடைத்தது. அடுத்த மாதம் பாவசங்கீர்த்தனக் கூண்டில் என் இரண்டு சாவான பாவங்களையும் சொல்லி முடித்துவிட்டு, சுவாமியின் பாவத்தையும் சொன்னேன். அன்ரியின் பங்கை நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள், அவவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன்.

மறுபக்கத்தில் சுவாமி தொண்டையைச் செருமினார்.

"ஓம் பிள்ளை. என்ரை பிழைதான்."

நான் அவரை மன்னித்தேன்.