எல்ஸியின் மஞ்சள் கோட்டு

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஒரு ராத்திரி பனி பெய்துவிட்டால், விடிவதற்குள் புந்தோங் வட்டாரம் முழுவதற்கும் குளிர்கோட்டு மாட்டிவிட எல்ஸியால் முடியும். சரி, முழுவதற்கும் என்பது என் வாய்க்கொழுப்பு. ஒரு வேன் நிறைய ஆட்களுக்கு மாட்டலாம். கோட்டுகள் மொத்தம் பதினான்கு. இதில் பொய்யில்லை, அவள் பின்னறையில் நானே எண்ணியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அவற்றைக் கொடியில் போட்டுப் பிரம்பால் தட்டுவது அவள் வழக்கம். பக்கத்து வேலியில் நின்று பார்த்தால், தலையில்லாத வெள்ளைக்காரர்களை வரிசையாக நிறுத்தி அடிப்பதுபோல் இருக்கும். அந்துருண்டை வாசம் என் வீட்டுக் காப்பிவரைக்கும் வரும். இன்று கொடியில் ஒன்றுதான் தொங்கியது. டிசம்பர் அல்லவா, மற்ற பதிமூன்றும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டன.

எல்ஸி கோட்டுகளை இரவல் கொடுப்பவள். வாடகை கிடையாது. துவைத்துத் தர வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு சட்டம்: கோட்டின் பை வெறுமையாகத் திரும்பி வரக்கூடாது.

"பக்கத்து வீட்டுக் கிண்ணத்துல கறி வந்தா, கிண்ணத்த வெறுமையாவா திருப்பிக் குடுப்போம்? ஒரு புடி சீனியாச்சும் போட்டுத்தானே குடுப்போம். கோட்டும் அப்டித்தான்லா."

அதனால் அவளுடைய கோட்டுகள் குளிர்நாடுகளிலிருந்து பை கனத்து வரும். சியோலிலிருந்து, குளிர்காலத்தில் தெருவில் சுட்டு விற்கும் கஷ்கொட்டை ஒன்று. ரோமாபுரியிலிருந்து பஸ் டிக்கெட். மெல்பர்னிலிருந்து டிராம் படம் போட்ட அட்டை. எடின்பரோவிலிருந்து ஒரு காய்ந்த இலை. ஒருமுறை, எந்தக் கோட்டுக்கும் பொருந்தாத ஒரு பித்தளைப் பொத்தான். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். சாயங்கால மழை சுண்ணாம்புக் குன்றுகளை மறைத்துக்கொண்டு இறங்கும்போது, எல்ஸி டின்னைத் திறந்து சாமான்களை மேசையில் பரப்புவாள். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊருக்குள் போவோம்.

"இந்தா, டிராம்ல ஏறியாச்சி. சன்னல்ல பனி. துடைச்சிவிடுங்கக்கா. அந்தா, ஆறு தெரியுதா? பாலத்துல ரெண்டு பக்கமும் சாமியாருங்க கல்லா நிக்கிறாங்க. ஒரு கெழவி கஷ்கொட்ட சுடுறா. இலை விழுது பாருங்க."

"எல்ஸி, கஷ்கொட்ட கொரியாவோடது. இலை ஸ்காட்லாந்தோடது."

"எல்லாக் குளிரும் ஒரே குளிர்தான்லா."

அவளுக்கு உலகத்தில் குளிர்நகரம் ஒன்றுதான். பேர் பிராக். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் மெல்லக் குறைந்து, சத்தமே இல்லாமல் பெய்யும் வேறொன்றாக ஆவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து தோளைத் தட்டிவிட்டுக்கொண்டேன். வெள்ளையாகத் தரையில் விழுந்து உருகியது. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பிராக் அவளுக்குக் கிடைத்தது கமுந்திங்கில். அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இளவயது முழுக்க வேலை செய்தாள். ரப்பர் கையுறைக்குள் காற்றடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. உலகத்து டாக்டர்களில் பாதிப்பேர் எல்ஸி சரிபார்த்த கையோடுதான் நோயாளியின் வயிற்றைத் திறந்திருப்பார்கள். அவள் மட்டும் குளிருக்கென்று ஒரு கையுறை போட்டதில்லை. ஒருநாள் சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். விமானத்திலிருந்து நேரே வந்தவர், நம் வெயிலைக் கண்டு மிரண்டு, மஞ்சள் கம்பளிக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். போகும்போது மறந்தே போனார். கேட்டு எழுதியதற்கு, யாராவது வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நம் வெயிலில் யாருக்கு வேண்டும்? எல்ஸி வாங்கிக்கொண்டாள். பைக்குள் ஒரு சீனிப் பொட்டலம், அதன்மேல் பாலமும் அரண்மனையுமாக ஒரு படம். அந்த அம்மா பிராக் ஊர்க்காரர் என்று ஆபீசில் சொன்னபோது எல்ஸிக்கு முதுகு சிலிர்த்துவிட்டதாம். அவள் வீட்டுச் சுவரில், கிரீடமும் பட்டு அங்கியுமாக நிற்கும் குழந்தை இயேசு அந்த ஊர்க் கோயிலில் குடியிருப்பவர் அல்லவா!

"நாந்தான் தெனம் அவர கும்புடுறேன்னு பாத்தா, அவரு எனக்குக் கோட்டு அனுப்பியிருக்காருக்கா."

அந்தக் கோட்டைத் தனியாக விடக்கூடாது என்று பழஞ்சாமான் சந்தையில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்ததுதான் மற்றவை. சீனிப் பொட்டலத்தை இன்றுவரை பிரிக்கவில்லை. கல்லாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை மாதா கோயில் யாத்திரைக் குழுவோடு எல்ஸி பிராக் புறப்படுகிறாள். இது மூன்றாவது புறப்பாடு. முதல்முறை பெட்டி கட்டியாகிவிட்டது, லூமுட்டிலிருந்து சொந்தக்காரி பெர்னடெட் ஓடிவந்தாள், மகளின் பட்டமளிப்புக்கு லண்டன் போகவேண்டும், கோட்டில்லை என்றாள். எல்ஸி பெட்டியைத் திறந்து மஞ்சள் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். "கோட்டு இல்லாம நா எப்டிக்கா போறது?" என்று சொல்லிவிட்டு மீன் பொரிக்கப் போய்விட்டாள். இரண்டாம் முறை எங்கள் தெரு ஷர்மினி, ஸ்காட்லாந்தில் நர்ஸ் வேலை. அதே பேச்சு, அதே மீன். ஊரே அவளைத் தியாகி என்றது. நான் அடுப்படியில் அவள் முகத்தைப் பார்த்தவள். தண்டனையிலிருந்து தப்பிய முகம் அது.

இம்முறை சிங்கப்பூரிலிருந்து மகன் ராட்னி போனில் கத்தினான். எனக்கும் கேட்கட்டும் என்றே கத்தியிருப்பான். "மம்மி, இதான் கடைசி டிக்கெட். இந்த வாட்டியும் போகலைன்னா, இனிமே நீங்க கேட்டாலும் எடுக்க மாட்டேன்."

அதனால் காலையிலிருந்து கூடத்தில் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அடியில் நெத்திலி சம்பால் போத்தல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலுறை. கோடாலித் தைலம் மூன்று. மைலோ. ஜப்பான் சிலிப்பர். "பனியில சிலிப்பர் எதுக்கு?" என்றேன். "பாத்ரூம்லயும் பனியா பெய்யும்?" என்றாள். எடை பார்க்க, தெருவில் வந்த பழைய பேப்பர் லாரிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் தராசுக் கொக்கியில் பெட்டியைத் தொங்கவிட்டு, இதற்கு என்ன விலை சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் கோலின், "இந்தப் பெட்டிக்காரியையும் சேத்து எடுத்துக்கிறியா தம்பி?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எல்ஸி மட்டும் சிரிக்கவில்லை.

கொடியிலிருந்து மஞ்சள் கோட்டை எடுத்துவந்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பிஸ்கட் டின்.

"அக்கா, நெசத்துல போயிப் பாத்தா, இந்த ஊரு எங்க போகும்?"

"எந்த ஊரு?"

டின்னைத் தட்டினாள். "இதுல நா எங்க வேணும்னாலும் எறங்கலாம். கால் வலிக்காது. கெழவி எப்பவும் கஷ்கொட்ட சுட்டுக்கிட்டே இருப்பா. அங்க போயி, கெழவி இல்லன்னா?"

எதற்கும் ஒரு கதை வைத்திருப்பவள் நான். அப்போது மட்டும் டின்னின் மூடியை அழுத்தி மூடினேன்.

அவளாகவே எழுந்தாள். நம் ஊர் மெங்லெம்பு வேர்க்கடலைப் பொட்டலங்களை எடுத்து, கோட்டின் இரண்டு பைகளிலும் பிதுங்கப் பிதுங்கத் திணித்தாள்.

"கோட்ட விட்டுட்டுப் போன அந்தம்மாவ எங்க போயித் தேடுவ?"

"தேடலலா. பாலத்துல யாருக்காச்சும் குடுத்தா போதும். எத்தன வருஷமா அவங்க கிண்ணம் நம்ம வீட்டுல கெடக்கு."

கோட்டை மடித்துச் சம்பாலுக்கு மேல் வைத்து ஜிப்பை முக்கால்வாசி இழுத்தபோது, கேட்டில் மோட்டார் சைக்கிள் நின்றது. மூன்றாம் வீட்டு ட்ரேசி. வங்கியில் வேலை செய்கிற பெண்.

"எல்ஸி ஆண்ட்டி! நியூ இயருக்கு பிரெண்ட்ஸோட கொரியா போறோம். ஒரு கோட்டு வேணுமே."

"எல்லாம் போயிருச்சேம்மா."

"அலாமாக்! கடையில எல்லாம் கறுப்பா இருக்கு ஆண்ட்டி, படத்துல நல்லா விழாது. ஷர்மினி அக்கா போட்டிருந்தாங்களே, மஞ்சள், அது இல்லையா? எத்தன குடுத்திருக்கீங்க?"

"பதிமூணு."

"அப்ப ஒண்ணு இருக்கணுமே. ஒங்ககிட்ட பதினாலு இருக்குன்னு இந்தப் பாட்டிதானே சொன்னாங்க!"

சொன்னேன்தான். புந்தோங்கில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் கோலினின் குழாய்த் தண்ணீர் ஒரே செடியின்மேல் விழுந்துகொண்டே இருந்தது. எல்ஸி என்னைப் பார்த்தாள், சுவரிலிருந்த குழந்தை இயேசுவைப் பார்த்தாள். அவள் கை ஜிப்புக்குப் போனது. ஒரு சாண் பின்னால் இழுத்தாள். இடுக்கில் மஞ்சள் தெரிந்தது. எனக்கு மீன் பொரியும் வாசமே வந்துவிட்டது. கையை உள்ளே விட்டாள். பைக்குள்ளிருந்த கடலை சலசலத்தது.

கை அங்கேயே நின்றது. பிறகு வெளியே வந்தது. ஜிப்பை ஒரே இழுப்பில் கடைசிவரை மூடி, பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"பதிமூணுதாம்மா," என்றாள் ட்ரேசியிடம். "இந்த அக்காவுக்கு எதையும் ஒண்ணு கூட்டிச் சொன்னாத்தான் தூக்கம் வரும்."