கப்பல் வரும்வரை விழக்கூடாத பல்

என் மகள், பத்து வயது ஸ்டெல்லாவுக்குக் கீழ்த்தாடையின் இடப்பக்கம் ஒரு பால்பல் ஆடியது. நூல் கட்டி இழுப்பது எங்கள் வீட்டில் அவள் அப்பாவின் வேலை. நூலோடு உட்கார்ந்தவரிடம் வாயைத் திறந்து காட்டினாள்.

“அப்பா, அமுக்குனா உள்ள போகுது, விட்டா மேல வருது. ஏக்தம், அப்படியே ஸ்பிரிங்கு!”

அவர் விரல் வைத்தார். பல் நாடியைப் போலத் துடித்தது. நூலைக் கீழே வைத்துவிட்டார்.

போர்ட் பிளேரில் பல் மருத்துவர் ஈறில் ஊசியைச் செலுத்தினார். குழலின் தண்டை அவர் இழுக்கவில்லை. ரத்தம் தானே ஏறி ஊசிக்குழலை நிரப்பியது.

“ஹீமாஞ்சியோமா” என்றார் (எலும்புக்குள் ரத்தக்குழாய்கள் பின்னி வளரும் கட்டி). “புத்துநோய் இல்லம்மா. ஆனா பல்லு வெளிய வந்தா ரத்தத்த இங்க நிறுத்த முடியாது. மெட்ராஸ்லதான் ஆபரேஷன்.”

“தானா விழுந்துட்டா?”

“விழறதுக்குள்ள கப்பல் ஏறிடுங்க.”

என் கணவருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்ற கப்பல்துறையில் வேலை. தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் போகும் கப்பல் இயந்திரம் பழுதாகி மெட்ராஸிலேயே நிற்பது அவருக்குத் தெரியும்.

பற்களின் மேல் மாட்ட மருத்துவர் ஒரு பிளாஸ்டிக் மூடி செய்து தந்தார். பல் விழுந்தால் பஞ்சு வைத்து அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “கப்பல் எப்ப?” என்று திருப்பிக் கேட்டார்.

கஞ்சி, குழைத்த சோறு. வேறெதுவும் கொடுக்கவில்லை. பல் நாளுக்கு நாள் சாய்ந்தது. வளரும் உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லித்தான் நான் ஜெபித்தேன்.

“அம்மா, சிரிக்கலாமா?”

“மெதுவா.”

“மெதுவா சிரிச்சா அது சிரிப்பா?”

கப்பல் வந்தது. கடல் கொந்தளிப்பில் அவள் வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவள் அப்பா அவள் தலையைப் பிடித்தார், நான் மூடியைப் பிடித்தேன். எச்சில் சிவந்தே வந்தது. பல் நின்றது.

மெட்ராஸில் கழுத்து ரத்தக்குழாயைக் கட்டி, தாடை எலும்பின் ஒரு பகுதியைப் பல்லோடு எடுத்தார்கள். அவள் பிழைத்தாள். பேசும்போது மோவாய் இடப்பக்கம் இழுக்கும்.

ஆடும் பல் துடித்தால் கை வைக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இதை எழுதுவது அதற்காகத்தான்.

ஊர் திரும்பிச் சில மாதங்களில் வலப்பக்கப் பால்பல் ஆடியது. அதில் துடிப்பு இல்லை. மருத்துவரும் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். ஒரு நாள் அதைத் தானே பிடுங்கி உள்ளங்கையில் கொண்டுவந்தாள்.

“அப்பா, உங்க நூலுக்கு இனி சுட்டி, லீவு!”

நான் அவள் வாயில் துணியைத் திணித்து அழுத்தினேன். துணிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். ரத்தம் நின்றுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பாள். எடுத்துப் பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி.

மறுபடியும் வைத்து அழுத்தினேன்.