சிங்கப்பெருமாள் கோவிலில் கிடைத்த செவ்வாய் மண்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் செவ்வாய்க் கிரகத்தின் கனிமங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். இதைச் சொன்னால் போதும், இரும்புலியூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா மகளின் ஜாதகத்தோடு வந்துவிடுவார். எங்களில் யாரும் செவ்வாய்க்குப் போகப்போவதில்லை. அங்கே இருக்கக்கூடிய கனிமங்களை இங்கே தேடிப்பிடித்து ஒப்பிடுவதுதான் பிழைப்பு.

சிங்கப்பெருமாள் கோவில் அருகே கைவிட்ட கல்குவாரிக் குழியில் மஞ்சள் பொடி படிந்திருந்தது. கனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷனில் பார்த்தேன். ஜாரோசைட். அமிலத் தண்ணீரில் மட்டும் பிறக்கும் இரும்புக் கனிமம். செவ்வாயில் இருக்கலாம் என்று வெளிநாட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டுமே நாற்காலியை விட்டு எழும் என் டைரக்டர், அன்று எழுந்தே நின்றுவிட்டார்.

"சாந்தி, நம்ம பேர் வெளிய வரப்போகுது. பேப்பர் எழுதுங்க. என் பேர் முதல்ல."

ஆறு மாதம் செங்கல்பட்டு பஸ்ஸில் போய் அள்ளி வந்தேன். கடைசித் தடவை, பக்கத்துக் கிணற்றடியில் நின்ற மல்லிகா என்ற பெண் கூப்பிட்டார்.

"இன்னா மேடம், அத்தப் போயி டப்பால அள்ளிகினு கீற? கம்பெனி லாரி ஆசிட் கொட்ற குழி அது. கெணத்துத் தண்ணிய வாயில வெக்க முடில. ஒரே பேஜாரா கீது."

லிட்மஸ் தாளைக் கிணற்று நீரில் நனைத்தேன். சிவந்தது. அமிலமேதான்.

டைரக்டரிடம் ஓடினேன். "நாம ஜியாலஜிஸ்ட்டும்மா, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் இல்ல. இயற்கையா வந்ததுன்னே போடுங்க. யார் ஊத்தினா என்ன, கனிமம் ஒண்ணுதானே?"

கருத்தரங்கில் அப்படியே வாசித்தார். பம்பாயிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "அமிலம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். டைரக்டர் ஆதிகால எரிமலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, "மை ஸ்டூடண்ட் வில் எக்ஸ்ப்ளெய்ன்" என்று உட்கார்ந்தார்.

எழுந்தேன். "லாரியிலிருந்து சார்."

அரங்கம் சிரித்தது. டைரக்டரும் சிரித்தார். மறுவாரம் என் மேஜை ஸ்டோர் ரூமுக்குப் போனது.

கிணற்று நீரின் அமில அளவை எழுதி, மாசு பார்க்கும் அலுவலகத்தில் கொடுத்தேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று விசாரித்த அதிகாரி, "செவ்வாய்க் கிரகம் எங்க லிமிட்ல வராதேம்மா" என்றார். மல்லிகாவும் ஊர்ப் பெண்களும் காலிக் குடங்களோடு அவர் அறை வாசலில் உட்கார்ந்த பிறகுதான் லிமிட் நீண்டது. லாரி நின்றது. ஊருக்குக் குழாய் வந்தது. கிணறு மட்டும் தேறவே இல்லை.

டைரக்டரைக் கேலி செய்வது எளிது. அமிலமில்லாமல் பிறக்காத கனிமம் என்று தெரிந்தே, ஆறு மாதம் அந்தக் கிணற்றைத் தாண்டி நடந்தவள் நான். களப்பணிக்குப் போகிறவர்களே, சுத்தியலை எடுக்கும் முன் அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள்.

மல்லிகாவைப் பார்க்கும் முன் எழுதிய ஒரு வரி என் பழைய நோட்டில் இருக்கிறது: 'இத்தனை தடவை வந்தும், ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத ஊர்.'